கழுத்துக் குழாயும் 37 சிறுநீரகப் பிரிவுகளும்: ஆஸ்திரேலியாவில் பலிக்காத ஒரு தடுப்பு முயற்சி

முன்பு 158. பின்பு 157.

ஆஸ்திரேலியாவின் 37 சிறுநீரகப் பிரிவுகள் மூன்றேகால் ஆண்டு மெனக்கெட்ட பிறகு கையில் மிஞ்சிய கணக்கு இது. டயாலிசிஸ் நோயாளிகளின் குழாய் வழியாக ரத்தத்துக்குள் கிருமி புகுவதைத் தடுக்க ஒரு நடைமுறைத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அது வருவதற்கு முன் பதிவான தொற்றுகள் 158. வந்த பின் 157. ஆய்வுக்கு ‘ரிடக்‌ஷன்’ என்று பெயர். குறைத்தல் என்ற பொருள் ஒலிக்கும்படி வைத்த பெயர். குறையவில்லை. 2022இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியானபோது ஆய்வாளர்கள் அதைச் சுற்றி வளைக்காமல் அப்படியே எழுதினார்கள்.

கருத்தரங்குகளில் மேடையேறுவது பெரும்பாலும் பலித்த முயற்சிகள்தான். கைகழுவச் சொன்னோம், பட்டியல் ஒட்டினோம், தொற்று பாதியானது என்று முடியும் படவிளக்கங்களை எத்தனை வேண்டுமானாலும் பார்க்கலாம். பலிக்காத முயற்சி அரிதாகத்தான் அச்சேறும். அதனாலேயே இந்த நிகழ்வைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. குழாய்ச் சிக்கல்களைக் குறைக்க விரும்பும் எந்த டயாலிசிஸ் பிரிவும் தன் கணக்கைத் தொடங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

குழாய் கழுத்துக்கு வரும் வழி

டயாலிசிஸ் இயந்திரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தம் வேண்டும். கையில் சாதாரணமாக ஊசி போடும் சிரை அவ்வளவு தராது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய பிரெசியா, சிமினோ ஆகியோர் அறுவை மருத்துவர் அப்பெலுடன் சேர்ந்து, மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கும் முறையை 1966இல் வெளியிட்டார்கள். தமனியின் வேகத்தில் ரத்தம் பாயப் பாயச் சிரை பருத்து, தடித்து, வாரம் மூன்று முறை இரண்டு பெரிய ஊசிகளைத் தாங்கும் அளவுக்கு உரமேறுகிறது. இதுதான் ஃபிஸ்டுலா. அரை நூற்றாண்டு தாண்டியும், கை ரத்தக்குழாய்கள் ஒத்துழைக்கும் நோயாளிக்கு இதை மிஞ்சிய வழி இல்லை.

ஆனால் ஃபிஸ்டுலா முதிர வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, பொட்டாசியம் எகிறிய நிலையில் நள்ளிரவில் வந்து சேருகிறவருக்கு அந்த அவகாசம் கிடையாது. 1961இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஸ்டான்லி ஷால்டன் தொடை ரத்தக்குழாய்களில் குழாய் செலுத்தி டயாலிசிஸ் செய்து காட்டியதிலிருந்து, அவசரத்துக்குக் குழாய் என்பது வழக்கமாகிவிட்டது. இன்று பெரும்பாலும் வலப்பக்கக் கழுத்துச் சிரைதான் முதல் தேர்வு. அங்கிருந்து இதயத்துக்கு நேர்வழி. காறை எலும்புக்குக் கீழே ஓடும் சிரையைத் தவிர்ப்பார்கள். அங்கே குழாய் கிடந்தால் சிரை பின்னாளில் சுருங்கும். சுருங்கினால் அந்தப் பக்கக் கையில் ஃபிஸ்டுலா வைப்பதே வீண் வேலையாகும். இன்றைய அவசரத்துக்கு வைத்த குழாய் நாளைய ஃபிஸ்டுலாவைக் கெடுக்கும் கொடுமை அது.

குழாயில் இரண்டு வகை. சிரைக்குள் நேராக நுழையும் தற்காலிகக் குழாய் ஒன்று. கழுத்திலோ மார்பிலோ தோலுக்கடியில் சில அங்குலம் சுரங்கம்போல ஓடி, அதன் பிறகு சிரைக்குள் இறங்கும் நீண்டகாலக் குழாய் மற்றொன்று. நம் ஊர்ப் பிரிவுகளில் இதற்குப் பெர்ம்காத் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதன் உடலில் டாக்ரான் இழையாலான ஒரு வளையம் உண்டு. சுற்றியுள்ள திசு அந்த இழைக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்வதால் குழாய் நழுவுவதில்லை. தோலிலிருந்து கிருமி குழாயின் வெளிப்புறமாக ஊர்ந்து போகவும் தடை எழுகிறது.

வெளிப்புறம் அடைபட்டால் மிஞ்சுவது உட்புறம். குழாயின் வெளி முனையில் சிவப்பு மூடியுடன் ஒன்று, நீல மூடியுடன் ஒன்று என இரண்டு வாய்கள் இருக்கின்றன. ஒவ்வொரு டயாலிசிஸிலும் தொடங்கும்போது இரண்டையும் திறக்க வேண்டும். முடிக்கும்போது மறுபடி இரண்டையும் திறந்து மூட வேண்டும். ஆக நான்கு திறப்புகள். வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 டயாலிசிஸ், 624 திறப்புகள். ஒவ்வொரு திறப்பும் ஒருவருடைய விரல்களுக்கும் இதயத்தின் வாசலுக்கும் இடையே ஒரு சாண் பிளாஸ்டிக் மட்டும் இருக்கும் கணம். இந்த 624 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புகுந்த கிருமி குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பசைபோன்ற படலம் பின்னிக்கொள்ளும். படலத்துக்குள் இருப்பதை ரத்தத்தில் ஓடும் மருந்து எளிதில் தொடாது. நோயாளி வீட்டிலிருக்கும்போது ஒன்றும் தெரியாமல் இருக்கும்; இயந்திரத்தில் இணைத்துச் சற்று நேரத்தில் உடல் தூக்கிப்போடும் குளிரும் காய்ச்சலும் வரும். குழாயில் பாயும் ரத்தம் படலத்திலிருந்து கிருமிகளைக் கழுவி உடலுக்குள் அனுப்புவதன் விளைவு அது. டயாலிசிஸ் பிரிவில் ஒருமுறை அந்த நடுக்கத்தைப் பார்த்தவர்கள், அடுத்த முறை வெப்பமானி வருவதற்குள் ரத்த மாதிரிப் புட்டிகளை எடுத்துவிடுவார்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியாக இருந்தால் குழாயை எடுத்தே ஆக வேண்டும். அது இதய வால்வையும் முதுகெலும்பையும் தேடிப் போய்த் தங்கும் சுபாவம் உடையது.

ஆஸ்திரேலியா செய்தது

சிட்னியின் ஜார்ஜ் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரதா கோட்வால், மார்ட்டின் கல்லகர் உள்ளிட்ட குழுவினர் நாடு தழுவிய முயற்சியாகவே இதைத் திட்டமிட்டார்கள். புதிதாக டயாலிசிஸ் குழாய் வைக்கப்படும் 18 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் கணக்கில் வருவார்கள். மொத்தம் 6,364 நோயாளிகள், 11.4 லட்சம் குழாய் நாட்கள். குழாய் நாள் என்பது ஒரு நோயாளியின் உடலில் ஒரு குழாய் இருக்கும் ஒரு நாள். குழாய்த் தொற்றைப் பேசும் எல்லோரும் 1,000 குழாய் நாட்களுக்கு எத்தனை என்றுதான் பேசுகிறார்கள்.

நடைமுறைத் தொகுப்பு குழாயின் முழு ஆயுளையும் தொட்டது: வைப்பது, பராமரிப்பது, எடுப்பது. ஒவ்வொன்றிலும் சான்றுள்ள பழக்கங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு அது. பிரிவில் ஒருசிலர் செய்தால் போதும் என்றில்லை. பிரிவு முழுவதும் ஒரே நேரத்தில் மாற வேண்டும்.

இந்த ஆய்வின் சாமர்த்தியம் அதன் வடிவமைப்பில் இருக்கிறது. எல்லாப் பிரிவுகளுக்கும் தொகுப்பு கிடைக்கும். யாருக்கு எப்போது என்பதை மட்டும் குலுக்கல் தீர்மானிக்கும். முதல் சுற்றில் 12 பிரிவுகள், இரண்டாவதில் 12, மூன்றாவதில் 13. படிக்கட்டுபோல ஒவ்வொரு குழுவாக ஏறுவார்கள். 2016 டிசம்பர் 20 முதல் 2020 மார்ச் 31 வரை ஓடியது. ஒரு பிரிவின் முன்னும் பின்னும் ஒப்பிடலாம். அதே மாதத்தில் தொகுப்பு வந்த பிரிவையும் இன்னும் வராத பிரிவையும் ஒப்பிடலாம். ஊரெங்கும் காலப்போக்கில் தானாகவே தொற்று குறைந்துகொண்டிருந்தால், அந்தப் பெருமையைத் தொகுப்பு தட்டிக்கொண்டு போக முடியாது.

முடிவு: தொகுப்புக்கு முன் 1,000 குழாய் நாட்களுக்கு 0.21 தொற்று. பின் 0.29. தொற்றுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றானாலும், அதை வகுக்கும் குழாய் நாட்கள் இரு கட்டங்களிலும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையிலான விகிதம் 1.37; உண்மை விகிதம் இருக்கக்கூடிய வீச்சு, அதாவது நம்பக எல்லை, 0.85 முதல் 2.21 வரை.

இதை அவசரப்பட்டு ‘தொகுப்பு வந்து தொற்று கூடிவிட்டது’ என்று படித்துவிடக் கூடாது. 0.85 என்றால் 15 சதவீதம் குறைந்திருக்கவும் இடமுண்டு, 2.21 என்றால் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கவும் இடமுண்டு. மாற்றமே இல்லை என்பதைக் குறிக்கும் 1 என்ற எண்ணையும் உள்ளடக்கி எல்லை நீள்வதால், வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் ‘பாதியாகக் குறைத்துவிட்டது’ என்று சொல்ல விரும்பியவர்களுக்கு இந்த எல்லைக்குள் நிற்க இடமே இல்லை. தொகுப்பு பலிக்கவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதியது சரிதான்.

முழு ஆய்வுக் காலத்தையும் எடுத்துக்கொண்டால், குழாயுடன் ஓராண்டு டயாலிசிஸ் செய்பவர்களில் பத்தில் ஒருவருக்கு ரத்தத் தொற்று வந்திருக்கிறது. ஆயிரத்துக்கு 0.2, 0.3 என்று படிக்கும்போது துச்சமாகத் தெரிவது, பத்தில் ஒருவர் என்றதும் முகம் பெறுகிறது. இருபது நோயாளிகள் உள்ள ஒரு பிரிவில் எல்லோருக்கும் குழாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டுக்குள் அவர்களில் இருவர் நடுங்குவார்கள்.

மிச்சிகன் சொன்னதும் இங்கிலாந்து கேட்டதும்

தொகுப்பு என்ற யோசனைக்கு ஆஸ்திரேலியா சொந்தக்காரர் அல்ல. 2006இல் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழுவினர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தரவுகளை வெளியிட்டார்கள். கைகழுவுதல், குழாய் வைக்கும்போது முழு மறைப்புத் துணி, குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை எடுத்தல் என்று ஐந்தே ஐந்து செயல்கள். சராசரித் தொற்று 1,000 குழாய் நாட்களுக்கு 7.7இலிருந்து 16 முதல் 18 மாதங்களில் 1.4 ஆனது. மருத்துவ உலகம் சரிபார்ப்புப் பட்டியல்களின்மீது காதல் கொண்டது அப்போதுதான்.

இங்கிலாந்து அதை அப்படியே திரும்பச் செய்து பார்த்தது; திட்டத்தின் பெயரே ‘மேட்சிங் மிச்சிகன்’, அதாவது மிச்சிகனுக்கு ஈடாக. சுமார் 200 தீவிர சிகிச்சைப் பிரிவுகளைப் பல குழுக்களாகப் பிரித்து அடுத்தடுத்துச் சேர்த்தார்கள். பெரியவர்களுக்கான பிரிவுகளில் 3.7இலிருந்து 1.48க்குத் தொற்று இறங்கியது. வெற்றி என்று கைதட்டத் தயாரானபோது ஒன்று தெரிந்தது: திட்டத்தில் இன்னும் சேராத குழுக்களிலும் தொற்று இறங்கிக்கொண்டிருந்தது. நாடெங்கும் வீசிய காற்றில் இந்தத் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. முன்-பின் ஒப்பிட்டால் பலித்ததுபோலத் தெரிவது, பக்கத்துப் பிரிவோடு ஒப்பிட்டால் கரைந்துபோகிறது. ஆஸ்திரேலியாவில் பலன் பூஜ்யமானதை இந்த வரிசையில் வைத்துத்தான் படிக்கிறேன்.

மிச்சிகனின் ஐந்து செயல்களை இன்னொரு முறை பாருங்கள். பெரும்பாலானவை குழாய் வைக்கும் நேரத்தைச் சேர்ந்தவை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அது நியாயம்; அங்கே ஒரு குழாய் சில நாட்கள்தான் இருக்கும், வைக்கும்போது நுழைந்த கிருமிதான் பிரதான எதிரி. டயாலிசிஸ் குழாய் மாதக்கணக்கில் இருக்கிறது. வைப்பது ஒருமுறை, திறப்பது ஆண்டுக்கு 624 முறை. அறுவை அரங்கில் எவ்வளவு சுத்தமாக வைத்தாலும், அதற்குப் பிந்தைய நூற்றுக்கணக்கான திறப்புகளில் ஏதோ ஒன்றில் அவசரப்பட்டால் போதும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வெற்றி தந்த மருந்தை அதே அளவில் டயாலிசிஸ் பிரிவுக்குக் கொண்டுவருவதில் உள்ள சிக்கல் இது.

அப்படியானால் டயாலிசிஸ் பிரிவில் எதுவுமே பலிக்காதா?

பலித்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 17 வெளிநோயாளி டயாலிசிஸ் மையங்களைச் சேர்த்து ஒரு கூட்டு முயற்சி நடத்தியது. முடிவு 2013இல் வெளியானது. ரத்தத் தொற்று 32 சதவீதம் குறைந்தது. குழாய், ஃபிஸ்டுலா போன்ற ரத்த வழியால் வந்தது என்று வகைப்படுத்தியவை 54 சதவீதம் குறைந்தன. இங்கே ஒப்பீட்டுக் குழு இல்லை, முன்-பின் கணக்குதான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் அனுபவம் தந்த எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். என்றாலும் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு மாதமும் தொற்றுகளை எண்ணி அனுப்ப வேண்டும். ஊழியர்களின் கைகழுவலையும் குழாய் பராமரிப்பையும் வேறொருவர் நின்று பார்த்துக் குறிக்க வேண்டும். அப்படிக் குறித்ததையும் தொற்றுக் கணக்கையும் அதே ஊழியர்களிடம் திரும்பக் காட்ட வேண்டும். குழாய் வெளிவரும் இடத்துக்குக் குளோர்ஹெக்சிடின். திறனைச் செய்து காட்டச் சொல்லிச் சோதிக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் புதிய மருந்து ஒன்றுமில்லை. பார்ப்பதும், எண்ணுவதும், பார்த்ததைச் சொல்வதும்தான் பெரும்பகுதி.

குழாயின் வாயைத் துடைப்பது என்ற ஒரே செயலை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் எல்லோரும் ‘துடைக்கிறோம்’ என்பார்கள். அந்த அமெரிக்க மையத்தின் செய்முறைப்படி, குழாயின் கவ்வி மூடியிருப்பதை உறுதிசெய்து மூடியைக் கழற்ற வேண்டும்; வாய்க்கு ஒன்று என்று புதிய கிருமிநாசினித் திண்டு எடுக்க வேண்டும்; திருகு மறைகளிலும் முனையிலும் அழுத்தித் தேய்க்க வேண்டும், காய்ந்த ரத்தத் துணுக்கு ஒட்டியிருந்தால் அது போகும்வரை; பிறகு தானாக உலர விட வேண்டும்; உலரும்வரை குழாயைக் கையில் பிடித்திருக்க வேண்டும், எதன்மீதும் படவிடக் கூடாது. ஒரே திண்டால் இரண்டு வாயையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஈரம் காய்வதற்குள் ஊசிக்குழலைப் பொருத்துவதும் ‘துடைத்தல்’தான். காலை ஆறு மணி சுற்றில் ஒரு செவிலி நான்கு பேரை இணைக்க வேண்டியிருக்கும்போது எது நடக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. படிவத்தில் இரண்டும் ஒரே டிக்காக விழும்.

ஆஸ்திரேலியத் தொகுப்பு ஏன் அசையவில்லை என்பதற்கு என் ஊகங்களைச் சொல்கிறேன். ஊகங்கள் என்றே எடுத்துக்கொள்ளவும். முதலாவது, தொடக்கமே தாழ்ந்திருந்தது. பழைய ஆய்வுகளில் நீண்டகால டயாலிசிஸ் குழாய்களின் தொற்று 1,000 நாட்களுக்கு 2.5 முதல் 5.5 வரை என்று எழுதியிருப்பார்கள். ஆஸ்திரேலியாவில் தொகுப்பு வருவதற்கு முன்பே அது 0.21. தொற்று என்று எதைச் சொல்வது என்ற வரையறை ஆய்வுக்கு ஆய்வு வேறுபடும், ஆகவே பத்து மடங்கு, இருபது மடங்கு என்று பெருமை பேச வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பிரிவுகள் ஏற்கெனவே பெரும்பாலானதைச் செய்துகொண்டிருந்தன என்று கொள்வதில் தவறிருக்காது. காய்ந்த துணியை எவ்வளவு முறுக்கினாலும் சொட்டுத் தண்ணீர்தான் வரும். இரண்டாவது, எண்ணத் தொடங்கியதே ஒரு தலையீடு. தொகுப்பு வருவதற்கு முந்தைய கட்டத்தில் ‘சும்மா பார்க்கிறோம்’ என்று ஒவ்வொரு குழாயையும் பதிவு செய்தார்களே, அந்தப் பதிவேடே கைகளை மாற்றியிருக்கலாம். அமெரிக்காவின் 17 மையங்களில் எண்ணுவதும் திரும்பச் சொல்வதும் தொகுப்பின் உறுப்புகள். ஆஸ்திரேலியாவில் எண்ணுவது தொகுப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது.

பூட்டுத் திரவம்

டயாலிசிஸ் முடிந்ததும் குழாயின் இரண்டு உள்வழிகளிலும் ஒரு திரவத்தை நிரப்பி மூடுவார்கள்; அடுத்த முறை வரை ரத்தம் உறையாமல் இருக்க. இதைப் பூட்டு என்பார்கள். வழக்கமாக ஹெப்பாரின். குழாயின் கவ்வியிலேயே எத்தனை மில்லி பிடிக்கும் என்று அச்சிட்டிருக்கும். சிவப்புக்கும் நீலத்துக்கும் சற்று வேறுபடும். அதைப் படிக்காமல் ‘எப்போதும் இரண்டு மில்லி’ என்று தள்ளினால், மிஞ்சிய ஹெப்பாரின் முனை வழியாக உடலுக்குள் போகும். மில்லிக்கு 5,000 யூனிட் அடர்த்தியில் இது சின்ன விஷயமல்ல. அன்று மாலை ஈறில் ரத்தம் வந்தால் காரணம் தேடி எங்கெங்கோ அலைவார்கள். கிருமித் தொற்று மட்டுமே குழாய்ச் சிக்கல் என்று நினைப்பவர்களுக்காக இந்தச் சின்ன விலகல்.

உறைவும் தொற்றும் தனித்தனிச் சிக்கல்கள் என்று தோன்றும். 2011இல் கனடாவில் ஹெம்மல்கார்ன் குழுவினர் 225 பேரிடம் நடத்திய சோதனை அந்தப் பிரிவினையைக் குலைத்தது. ஒரு குழுவுக்கு வாரம் மூன்று முறையும் ஹெப்பாரின் பூட்டு. மறு குழுவுக்கு வாரத்தில் ஒருமுறை உறைவைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ், மற்ற இருமுறை ஹெப்பாரின். குழாய் சரியாக ஓடாமல் போனது ஹெப்பாரின் குழுவில் 34.8 சதவீதம், ஆல்டிப்ளேஸ் குழுவில் 20 சதவீதம். இது எதிர்பார்த்ததுதான். ரத்தத்தில் கிருமி வந்தது 13 சதவீதத்துக்கு எதிராக 4.5 சதவீதம் என்பதுதான் புருவத்தை உயர்த்தியது. உறைந்த ரத்தம் கிருமிக்குப் படுக்கை என்று பாடப்புத்தகம் சொல்லிவந்ததை இந்த எண்கள் கட்டிலோரம் கொண்டுவந்தன. ஆனால் ஆல்டிப்ளேஸின் விலை, அதை எல்லோருக்கும் வாராவாரம் தர விடாது.

அடுத்த வரவு டாரோலிடின் என்ற கிருமிக்கொல்லி. ஹெப்பாரினுடன் சேர்த்த டாரோலிடின் பூட்டை 795 நோயாளிகளிடம் சோதித்தபோது தொற்று 71 சதவீதம் குறைந்தது; 1,000 குழாய் நாட்களுக்கு 0.46க்கு எதிராக 0.13. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023 நவம்பரில் அனுமதி தந்தது. 71 சதவீதம் என்ற எண் கண்ணைப் பறிக்கும். ஆனால் வெறும் ஹெப்பாரின் பெற்ற குழுவின் 0.46ஐயும், புதிதாக எதுவும் செய்யத் தொடங்காத ஆஸ்திரேலியப் பிரிவுகளின் 0.21ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. வரையறைகளும் நோயாளிகளும் வேறு என்பது உண்மை. இருந்தாலும், ஏற்கெனவே 0.21இல் நிற்கும் ஒரு பிரிவு அந்தத் திரவத்துக்குக் கொடுக்கும் விலையில் எத்தனை தொற்றைத் தடுக்கும்? ஒரு பிரிவு தன் சொந்த எண் தெரியாமல் இந்தத் திரவத்தை வாங்குவது, எடை பார்க்காமல் மருந்தளவு எழுதுவதைப் போன்றது.

எண்ணில் ஒளியும் நாட்கள்

இனி என் பிரதான ஆட்சேபம். 1,000 குழாய் நாட்களுக்கு எத்தனை தொற்று என்ற அளவுகோலில் ஒரு கோணல் இருக்கிறது. ஒரு பிரிவு தீவிரமாக வேலை செய்து தன் நோயாளிகளின் குழாய் நாட்களைப் பாதியாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீக்கிரம் ஃபிஸ்டுலா வைத்தது, முதிர்ந்தவுடன் குழாயை எடுத்தது. தொற்றுகளும் பாதியாகும். மேலே உள்ள எண்ணும் பாதி, கீழே உள்ள எண்ணும் பாதி. விகிதம் இம்மியும் மாறாது. அந்தப் பிரிவின் உழைப்பு முழுவதும் வகுத்தலில் காணாமல் போகும்.

இன்னும் மோசமும் நேரலாம். ஃபிஸ்டுலாவுக்கு வழியுள்ள, ஒப்பீட்டளவில் தெம்பான நோயாளிகள் குழாயிலிருந்து விடுபட்டுவிட்டால், குழாயுடன் எஞ்சுவது ரத்தக்குழாய்கள் கெட்டுப்போன, நீரிழிவு முற்றிய, வயது முதிர்ந்தவர்கள். இவர்களுக்குத் தொற்று அபாயம் இயல்பிலேயே அதிகம். ஆகவே நல்ல வேலை செய்த பிரிவின் விகிதம் ஏறக்கூடும். தொற்றுற்ற மனிதர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும். அறிக்கையில் அம்பு மேல்நோக்கி நிற்கும்.

ஆஸ்திரேலியாவில் இதுதான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல அந்த விகிதத்தால் முடியாது. குழாயை உரிய நேரத்தில் எடுப்பதும் தொகுப்பின் ஓர் உறுப்பு. ஒரு சிகிச்சையின் ஓர் உறுப்பு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் பதிவாகாத அளவுகோலை முதன்மை அளவுகோலாக வைத்தது எனக்கு உறுத்துகிறது. அமெரிக்கக் கூட்டு முயற்சி 100 நோயாளி மாதங்களுக்கு என்று எண்ணியது. ஃபிஸ்டுலாவுடன் இருப்பவர்களும் வகுக்கும் எண்ணில் வருவார்கள். அந்தக் கணக்கில் குழாயிலிருந்து ஃபிஸ்டுலாவுக்கு மாறிய ஒவ்வொருவரும் லாபமாகத் தெரிவார். இரண்டு நாடுகளின் முடிவுகளை அருகருகே வைப்பவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள்.

நம் பிரிவுகளுக்கு வந்தால், எண்கள் ஒருபுறம் இருக்கட்டும், தொடங்கும் இடமே வேறு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் டயாலிசிஸை ஏராளமானவர்களுக்கு எட்டும்படி செய்திருக்கிறது. ஆனால் சிறுநீரகம் செயலிழந்த பிறகே சிறுநீரக மருத்துவரை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் இன்னும் நிறைய. அவர்கள் தற்காலிகக் குழாயுடன் தொடங்குகிறார்கள். அத்தகைய குழாயை இரண்டு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று அமெரிக்கச் சிறுநீரக அறக்கட்டளையின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. பெர்ம்காத்துக்குப் பணம் புரட்டவும், ஃபிஸ்டுலா அறுவைக்கு நாள் கிடைக்கவும், ‘கையில் கத்தி வைக்க வேண்டாம்’ என்று பயப்படும் பாட்டியைச் சம்மதிக்க வைக்கவும் ஆகும் காலத்தில் இரண்டு வாரம் எப்போதோ கடந்திருக்கும். இங்கே துணி இன்னும் நனைந்துதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பலிக்கவில்லை என்பதற்காக இங்கே துடைப்பதையும் எண்ணுவதையும் கைவிட்டால், அந்த ஆய்வைத் தலைகீழாகப் படித்ததாகும்.

எண்ணுவதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். பிரிவில் ஒரு நீளக் குறிப்பேடு போதும். குழாய் வைத்த தேதி, எந்தச் சிரை, எந்த வகை, ஃபிஸ்டுலாவுக்கு யாரிடம் எப்போது அனுப்பினோம், அறுவை நடந்த தேதி, நடுக்கம் வந்ததா, மருந்து தொடங்குவதற்கு முன் ரத்த மாதிரி எடுத்தோமா, அதில் என்ன வளர்ந்தது, குழாயை எடுத்த தேதி. மாதக் கடைசியில் மூத்த செவிலி அதைப் படித்துக் காட்டப் பத்து நிமிடம்.

அதில் நான் ஒரு பத்தி கூடுதலாகக் கேட்பேன். ஃபிஸ்டுலாவில் இரண்டு ஊசிகளையும் போட்டுச் சிக்கலில்லாமல் மூன்று டயாலிசிஸ் முடிந்த நாளுக்கும், குழாயை உண்மையில் எடுத்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் கழிந்தது? இந்த இடைவெளிக்கு மருத்துவக் காரணம் ஏதும் இருப்பதில்லை. எடுக்க வேண்டிய மருத்துவர் வேறு மருத்துவமனையில் இருக்கிறார், நோயாளி ‘எதற்கும் இருக்கட்டும்’ என்கிறார், வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, யாரும் கேட்கவில்லை. பயன்படாத அந்தக் குழாயையும் வாராவாரம் திறந்து, கழுவி, பூட்டுத் திரவம் மாற்றி மூடிக்கொண்டிருப்பார்கள்.